சரிவான மனையில் ஒரு தளத்து வீடு: மண் கொட்டி மேடாக்குவதா, தூண் எழுப்புவதா?

கேள்வி (பனசங்கரி ஆறாம் கட்டம், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். 40×60 சைட் ஒன்றில் ஒரே தளமாக வீடு கட்ட இருக்கிறோம். சாலைப் பக்கத்திலிருந்து பின் எல்லை வரை நிலம் ஏறத்தாழ 5 அடி தாழ்ந்து செல்கிறது. சுற்றிலும் கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டிச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வரைபடம் போட்டவரோ, வீட்டின் பின்பாதியை 2½ அடி தாழ்த்தி, நடுவில் படி வைக்கச் சொல்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால்தான் மாடியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். செலவையும் உறுதியையும் சேர்த்துப் பார்த்தால் எது நல்லது?

மறுமொழி 1 (கட்டிடப் பொறியாளர், ராஜராஜேஸ்வரி நகர்)

எதையும் முடிவு செய்வதற்கு முன், ஆட்டோ லெவல் கருவி வைத்து, பத்தடிக்கு ஒரு புள்ளி வீதம் மனை முழுவதும் மட்டம் எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் இடம் விட்டபின் வீட்டின் நீளம் 45 அடி என்றால், அதன் அடியில் வரும் வேறுபாடு 3¾ அடிதான்.

மேஸ்திரி சொல்வதுபோல் மனை முழுவதையும் நிரப்பினால், சராசரி 2½ அடி உயரத்துக்கு 6,000 கன அடி மண் தேவை. இறுக்கும்போது அடங்கிவிடும் என்பதால் வாங்குவது இன்னும் கூடுதலாகும். அதையும் அரையடிக்கு ஒரு படலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். லாரியிலிருந்து ஒரேயடியாகக் கொட்டி மூடிய வீடுகளில், சில மழைக்காலங்களுக்குள் தரை இறங்கி, சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் கல்லுக்கும் தரை டைல்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மேலும், மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 2½ அடிச் சுவர் தாங்குவதைப்போல் நான்கு மடங்கை 5 அடிச் சுவர் தாங்கியாக வேண்டும். கசிவுத் துளைகளும் அவற்றின் பின்னே ஜல்லிப் படலமும் இல்லாத தடுப்புச் சுவரை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் யோசனை இதுதான்: முன்பகுதியில் மட்டும் குறைந்த அளவு மண் நிரப்புங்கள், பின்பகுதியைத் தூண்களின்மீது பிளிந்த் பீமும் (தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் உத்தரம்) கான்கிரீட் தளமும் போட்டு உயர்த்துங்கள். நம் லேஅவுட்டுகளில் தாழ்வான மனை என்றாலே பிறர் கட்டிட இடிபாடுகளைக் கொட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தூணுக்கும் அந்தக் குப்பையைக் கடந்து, கலையாத மண் வரும்வரை தோண்டியே அஸ்திவாரம் போட வேண்டும்.

மறுமொழி 2 (கனகபுரா சாலை)

கழிவுநீரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! நிலம் சாலைக்கு எதிர்ப்பக்கம் சரிவதால், பாதாளச் சாக்கடை எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். 60 அடிக்கு ஓர் அடி வாட்டம் என்று கொண்டால், 45 அடி தள்ளியிருக்கும் குளியலறைக் குழாய் 9 அங்குலம் இறங்கியாக வேண்டும். குளியலறைத் தரை சாலை மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால், கனமழையில் சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது நீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறும். பின்பாதியைத் தாழ்த்தும் யோசனை இதனாலேயே எனக்குச் சரியாகப் படவில்லை.

மழைநீரோ பின்வீட்டுக்காரர் பக்கமே ஓடும். 30×40 முதல் எந்தப் புது வீட்டுக்கும் இங்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பின் எல்லையில் உறிஞ்சுகிணறு அமைத்துவிடுங்கள். தூண் அஸ்திவாரத்தை ஒட்டி மட்டும் வேண்டாம்.

மறுமொழி 3 (அல்சூர்)

முதியவர்களுக்கான சாய்தளம் 12 அடிக்கு ஓர் அடிக்குமேல் ஏறக் கூடாது. வீட்டுக்குள் 2½ அடி இறக்கினால் 30 அடிச் சாய்தளம் வேண்டும். 45 அடி வீட்டில் அதற்கு இடமேது? தரை முழுவதும் ஒரே மட்டமாக இருக்கட்டும். வாசல் சாலையைவிட 1½ அடி உயர்ந்தால், பக்கவாட்டில் 18 அடிச் சாய்தளம் போதும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தூண் முறையிலேயே வரைபடத்தைத் திருத்தச் சொல்லப்போகிறேன். பின்பகுதியின் அடியில் கிடைக்கும் இடத்தை மூடிவிடலாமா?

மறுமொழி 1

முழுவதும் மூடாதீர்கள். பின்கோடியில் கிட்டத்தட்ட 6 அடி உயரம் கிடைக்கும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட ஜாலிக் கற்கள் வைத்து, பம்பையும் சாமான்களையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். குளியலறைக் குழாய்களும் அங்கேயே தளத்தின் அடியில் தெரியும்படி ஓடினால், கசிவைச் சரிசெய்யத் தரையை உடைக்க வேண்டியிராது. பின்கதவுக்கு வெளியே உறுதியான கைப்பிடிச் சுவர் அவசியம்.