தூண்டில் போடத் தெரியாத நண்பனை எப்படிச் சமாளிப்பது?

குளத்தங்கரை:
போன ஞாயிறு என் அறைத்தோழனை மாயவரம் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையிலேயே வளர்ந்தவன், மீனைக் குழம்பில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். விராலுக்கென்று ஆசையாக வாங்கிய ரீல் தூண்டிலையும் ரப்பர் தவளையையும் அவன் கையில் கொடுத்தேன். முதல் வீச்சு பின்னால் இருந்த கருவேல மரத்தில், இரண்டாவது அல்லிக் கொடியில், மூன்றாவதில் தங்கூஸ் (நைலான் நரம்பு) குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது, பிரிக்க அரை மணி நேரம். சரி போகட்டும் என்று மண்புழு கோத்துக் கொடுத்தால், தக்கை லேசாக ஆடினாலே வெடுக்கென்று இழுக்கிறான். நடுவில் வீட்டுக்கு வீடியோ கால் வேறு. நாலு மணி நேரத்தில் எனக்கு மூன்று ஜிலேபி மீன். அவனுக்கு ஒரே ஒரு கெளுத்தி, அதையும் குஷியில் அள்ளிப் பிடித்து உள்ளங்கையில் குத்து வாங்கினான். இவ்வளவுக்கும் பிறகு வருகிற ஞாயிறும் வருகிறேன் என்கிறான்! என்ன செய்யலாம்?

மூங்கில்கம்பு:
தப்பு உங்கள் மேல்தான். சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கு புல்லட் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள். ரீலை வீட்டிலேயே வையுங்கள். எட்டடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு தங்கூஸ், மயிலிறகுத் தண்டில் தக்கை, 10ஆம் நம்பர் தூண்டில் முள், இது போதும். (கடையில் அவனை வாங்கச் சொன்னால் நம்பர் கூடினால் முள் சின்னது என்று சொல்லி அனுப்புங்கள், என் மச்சான் பெரிய நம்பர்தான் பெரிய முள் என்று நினைத்து வாங்கி வந்தான்.) ஜிலேபிக்கு மைதா உருண்டையே போதும். தக்கை ஆடும்போது மீன் கொத்திப் பார்க்கிறது, அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும் அல்லது முழுதாக முங்கும், அப்போது மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும், தோளோடு சேர்த்து இழுக்க வேண்டாம். முதல் பத்து தடவை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து “இப்போ” என்று சொல்லுங்கள். உங்கள் தூண்டில் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆற்றுமணல்:
கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று. மூன்றிலும் விஷம் உண்டு, ஆளைக் கொல்லாது, ஆனால் கடுகடுவென்று வலிக்கும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தால் வலி இறங்கும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ கை வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், டிடி ஊசியும் கேளுங்கள். அடுத்த தடவை ஒரு குறடும் ஈரத்துணியும் கொண்டு போங்கள்.

வாய்க்கால்வரப்பு:
மூங்கில்கம்பு சொன்னது சரி, ஆனால் விராலை அவனுக்குக் காட்டவே கூடாது என்பதில்லை. அது மூச்சு வாங்க மேலே வரும், காலையில் அல்லிக்கு நடுவே ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்கும். அதைக் காட்டினாலே ஆள் போனை எடுத்து உள்ளே வைத்துவிடுவான். குஞ்சுகள் கூட்டமாகக் கொதிக்கிற இடத்தில் மட்டும் தவளையை வீசாதீர்கள். தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும், கிட்டே வருவதையெல்லாம் கடிக்கும், அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கும் கொக்குக்கும்தான். அப்புறம், ஊர்க் குளம் என்கிறீர்களே, குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தானே போகிறீர்கள்?

குளத்தங்கரை:
குத்தகை எடுத்திருப்பவர் எங்கள் சித்தப்பாதான், கட்லா, ரோகு மாட்டினால் திரும்ப விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். கம்பு வெட்டியாயிற்று. நண்பனிடம் மைதா விஷயத்தைச் சொன்னேன், மஞ்சள்தூள் கலக்கலாமா, ஏலக்காய் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மூங்கில்கம்பு:
போடட்டும். ஜிலேபி குறை சொல்லாது.