சூடானதும் மேட்டில் திணறும் கார்புரேட்டர் வண்டி: ஃப்யூல் பம்பை மாற்றலாமா, எலெக்ட்ரிக்குக்குப் போகலாமா?

நாலுசிலிண்டர்:

வண்டி 1960-களில் வந்த 1.5 லிட்டர், நாலு சிலிண்டர். எஸ்யூ பிராண்டின் ஒற்றை கார்புரேட்டர். பிளாக்கின் பக்கவாட்டில், கேம்ஷாஃப்டில் ஓடும் மெக்கானிக்கல் ஃப்யூல் பம்ப், அதாவது ஏசி என்ற பிராண்டின் பம்ப். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கில் குறையே இல்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மேட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அரை நிமிடம் போல இழுக்கிறது, அப்புறம் திணறி அடங்குகிறது. காலை எடுத்தால் சில விநாடியில் பழையபடி ஆகிவிடுகிறது. பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள கண்ணாடி ஃபில்டர் எப்போதும் பாதிதான் நிறைந்திருக்கிறது.

பம்ப்தான் என்று எப்படி உறுதி செய்வது? ரிப்பேர் கிட் போட்டால் போதுமா, புதுசே வாங்கணுமா? இல்லை, ஒரேயடியாக எலெக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாமா?

திருப்புளி:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃப்ளோட் கிண்ணம், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கி நிற்கும் கிண்ணம், நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகிறது. இக்னிஷன் கோளாறு இவ்வளவு ஒழுங்காக வந்து போகாது.

ஐடிலிங் சுத்தமாக இருப்பதைப் பம்புக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். ஐடிலிங்கில் இந்த என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் போலத்தான் குடிக்கும். முழு மிதியில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் வேண்டும். 60 குதிரைத்திறன் என்றால் 18 லிட்டர். நிமிடத்துக்கு 300 மில்லி. ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்கு அரை லிட்டர் தள்ளுகிற பம்ப் என்றால் அதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பாதி நிறைந்த ஃபில்டரை விட்டுத்தள்ளுங்கள். மேல்பக்கம் காற்று தங்கி நிற்பது சகஜம், நிறைய பேர் அதைப் பார்த்தே பம்பை மாற்றிவிடுகிறார்கள். குமிழி தொடர்ந்து ஓடினால்தான் பிரச்சினை.

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். திணறல் போய்விட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவே இல்லை. போகவில்லையா, அளந்து பார்க்க வேண்டியதுதான்.

கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, நீளமான ஹோஸ் ஒன்றை மாட்டி, அளவுக் கோடு போட்ட பாட்டிலுக்குள் விடுங்கள். பாட்டில் எக்ஸாஸ்டிலிருந்தும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தும் தள்ளி இருக்கட்டும், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் என்ஜின் கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் ஓடும். அதற்குள் 30 விநாடிக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 250 மில்லி எதிர்பார்க்கலாம். ஆறிய என்ஜினில் ஒரு முறை, சூடான என்ஜினில் ஒரு முறை. சூட்டில்தான் கோளாறு வருகிறது என்றால் ஆறியபோது எடுத்த கணக்கை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்து பம்பின் இன்லெட்டில் வேக்யூம் கேஜ். பாதரச அளவில் 6 அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். என்ஜினை நிறுத்தியதும் முள் சட்டென்று விழக் கூடாது. அவுட்லெட்டில் டி ஜாயிண்ட் போட்டு பிரஷர் பாருங்கள், 2 முதல் 3 பிஎஸ்ஐ.

கடைசியாக, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு பம்பின் இன்லெட்டை ஒரு சிறிய கேனில் நேரடியாக விட்டு அளவு எடுங்கள். கேனிலிருந்து நன்றாக வந்து, டேங்கிலிருந்து வராவிட்டால் பம்ப் நல்லது. லைன், டேங்குக்குள் இருக்கும் வலை, பழைய ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் ஊசித் துளை இருந்தால் வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் தெளிவான ஹோஸ் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

நாலுசிலிண்டர்:

மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை. 30 விநாடிக்கு ஆறிய என்ஜினில் 240 மில்லி, சூட்டில் 90. சூட்டில் கேனிலிருந்து எடுத்தாலும் 100-ஐத் தாண்டவில்லை. வேக்யூம் 3 அங்குலம், நிறுத்தியதும் உடனே விழுகிறது. குமிழி இல்லை. ஆனால் பிரஷர் 2.5 பிஎஸ்ஐ சரியாகக் காட்டுகிறதே?

திருப்புளி:

பம்ப்தான். பிரஷர் சரியாக இருப்பது உங்களைக் குழப்ப வேண்டாம். இந்த வகையில் கேம் வேலை செய்வது டயாஃப்ரத்தை (பம்புக்குள் ஏறி இறங்கும் ரப்பர் சவ்வு) இழுப்பதற்கு மட்டும்தான்; பெட்ரோலைத் தள்ளுவது அடியில் இருக்கும் ஸ்பிரிங். கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் வரும் வழியைக் கார்புரேட்டர் ஊசி மூடியதும் டயாஃப்ரம் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், லீவர் வெறுமனே ஆடும். அதனால் பிரஷர் கேஜ் சொல்வது ஸ்பிரிங்கின் பலத்தை. வால்வு கசிந்தாலும், டயாஃப்ரம் விறைத்திருந்தாலும், லீவர் பின் தேய்ந்து ஸ்ட்ரோக் (டயாஃப்ரம் நகரும் தூரம்) குறைந்திருந்தாலும் பிரஷர் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும், அளவுதான் விழும். வேக்யூம் நிற்காமல் விழுவதால் எனக்கு முதல் சந்தேகம் இன்லெட் வால்வு. சூட்டில் பெட்ரோல் ஆவியாகும்போது, கசிகிற வால்வு ஆவியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கேம்லோப்:

கழற்றும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்புக்குள் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்குகிறது. அப்படியானால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேரிங் போவது ஒரு பக்கம், கிராங்க்கேஸில் பெட்ரோல் ஆவி நிற்பது அதைவிட ஆபத்து.

கிட்டா புதுசா என்பதை லீவர் சொல்லும். பம்பைக் கையில் எடுத்து லீவரைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டுங்கள். பின் தேய்ந்து லொடலொடவென்று இருந்தால் கிட் வீண், புது பம்ப் வாங்குங்கள். லீவர் கெட்டியாக இருந்தால் கிட் போதும், ஆனால் எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் உள்ள கிட்டாக இருக்க வேண்டும். இன்றைய பெட்ரோலில் பழைய இருப்பு ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பிரிக்கும் முன் மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பைப் தப்பான திசையில் நிற்கும். இரண்டு வால்வும் எதிரெதிர் திசை, எது எப்படி இருந்தது என்று ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். பூட்டும்போது சுற்றியுள்ள ஸ்குரூக்களை முதலில் லேசாகப் போட்டு, லீவரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி கடைசி முறுக்கு கொடுங்கள். லீவரை விட்டபடி முறுக்கினால் டயாஃப்ரம் விறைப்பாக மாட்டி, ஸ்ட்ரோக்கின் கடைசியில் இழுபட்டு விளிம்பில் கிழியும். இந்தத் தப்பில்தான் புது கிட்கள் பாதி சாகின்றன. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவும் வேண்டாம். பிரஷர் ஏறி கார்புரேட்டர் வழியும்.

மாட்டும் முன்னாலேயே சோதிக்கலாம்: லீவரை அழுத்தி, இன்லெட்டை விரலால் அடைத்து, லீவரை விட்டு மறுபடி அழுத்துங்கள். விரல் உறிஞ்சப்பட்டு சில விநாடி அப்படியே நிற்க வேண்டும்.

பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கறுப்பு பேக்கலைட் கட்டை இருக்கிறதா? அது வெறும் பேக்கிங் இல்லை. என்ஜின் சூட்டைத் தடுப்பதும், லீவரின் ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பதும் அதுதான். கட்டையும் இரு பக்கக் கேஸ்கட்டும் சேர்ந்த மொத்தத் தடிமன் பழையபடியே வர வேண்டும். கூடினால் ஸ்ட்ரோக் குறையும், குறைந்தால் லீவர் மிதமிஞ்சி இடிபடும். யாரோ அதைக் கழற்றி எறிந்திருந்தால் உங்கள் சூட்டுப் பிரச்சினைக்கு அதுவும் ஒரு காரணம்.

கிராங்கைத் திருப்பி கேமின் தாழ்ந்த பக்கம் லீவருக்கு வரும்படி வையுங்கள். அப்போது பம்ப் கையாலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். நிறைய இடைவெளி விட்டு முரண்டு பிடித்தால் லீவர் கேமின் முகத்தில் இல்லாமல் தவறான பக்கம் போயிருக்கிறது. அந்த நிலையில் நட்டை முறுக்கி இழுத்தால் லீவர் உடையும். நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். 5/16 அங்குல ஸ்டட் என்றால் 20 நியூட்டன் மீட்டர் போல, உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பெட்ரோல் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீடு உள்ளதாக வாங்குங்கள்.

பாசிட்டிவ்_எர்த்:

எலெக்ட்ரிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வைக்கலாம், ஆனால் மெக்கானிக்கல் பம்பை அதே லைனில் விட்டுவிட்டு வைக்கக் கூடாது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் எலெக்ட்ரிக் பம்ப் நிற்காமல் சம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும். பழையதைக் கழற்றி, துளைக்குத் தகடும் கேஸ்கட்டும் போட்டு மூடுங்கள்.

பம்பை டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். இந்தப் பம்புகளுக்கு இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம். எஸ்யூவுக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். 4 முதல் 7 பிஎஸ்ஐ பம்பை வாங்கினால் ரெகுலேட்டர் இல்லாமல் ஊசி தாங்காது. வயரிங்கில் ஃபியூஸ், ரிலே, மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச், என்ஜின் நின்றால் துண்டிக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் நாலும் வேண்டும். சாவியைத் திருப்பினால் ஓடும்படி மட்டும் இணைத்தால், விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய எலெக்ட்ரானிக் பம்புகளில் பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்கானவை, தலைகீழாகக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்.

கேம்லோப்:

தினமும் ஓடும் வண்டிக்கு நல்ல மெக்கானிக்கல் பம்பே போதும் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு எலெக்ட்ரிக் வசதிதான், கிண்ணம் நிரம்பும்வரை செல்ஃப் அடித்து பேட்டரியை வீணாக்க வேண்டாம்.

நாலுசிலிண்டர்:

டிப்ஸ்டிக்கில் வாசனை இல்லை. லீவர் கெட்டி. பேக்கலைட் கட்டை இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் கேஸ்கட் இல்லை. கிட்டும் இரண்டு கேஸ்கட்டும் வாங்குகிறேன்.

திருப்புளி:

மாட்டியதும் பம்பில் கை லீவர் இருந்தால் அதை அழுத்தி, அது கனமற்றுப் போகும்வரை கிண்ணத்தை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கேம் உயர்ந்த பக்கத்தில் நின்றிருந்தால் கை லீவர் வேலை செய்யாது. கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி அழுத்துங்கள். என்ஜின் ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு ஸ்டட் நட்டுகளைத் திரும்ப முறுக்கி, அதே சூட்டில் அதே 30 விநாடி அளவை எடுத்து இங்கே போடுங்கள்.