பிரேக் பிடித்தால் வண்டி மூக்குக் குத்துகிறது, உதவுங்கள்

மூன்றாம்கியர்: வணக்கம், கொஞ்சம் அவசரம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தரையில் குத்துகிற மாதிரி இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் தூக்குகிறது. போன மாதம்தான் ஷாக் (ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றினேன். ஞாயிறு குடும்பத்தோடு பழனி போக வேண்டும். என்ன செய்யலாம்?

பழையடீசல்: என்ன வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? மாற்றியது முன் ஷாக்கா, பின் ஷாக்கா, நான்குமா?

ஸ்பிரிங்செல்வம்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். என் வண்டியில் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங்தான் காரணமாக இருந்தது.

ரேஸ்பையன்: தடிமனான ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) போடுங்க. கார் கல்லு மாதிரி நிற்கும்.

அச்சாணி: மாதம் ஒருமுறை இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை போல. ஆன்டி ரோல் பார் வளைவில் சாய்வதைக் குறைக்கத்தான். பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் இரண்டும் வண்டியின் உடலை நோக்கி ஒன்றாகவே மேலேறுகின்றன, அந்தக் கம்பி முறுகவே முறுகாது.

கணக்கு எளிது. 1000 கிலோ வண்டி, எடை மையம் அரை மீட்டர் உயரத்தில், முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர். 0.5 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு, பிரேக் பிடித்தால் 100 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் போகும். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கமாகப் போட்டாலும் அந்த 100 கிலோ குறையாது. மூக்கு எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங்கையும் சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஆர்ம் பொருத்தியிருக்கும் கோணத்தையும் பொறுத்தது. எவ்வளவு வேகமாக இறங்கும், நின்ற பிறகு எத்தனை முறை ஆடும் என்பது ஷாக்கின் வேலை. உங்கள் வண்டி இறங்குகிறதா, ஆடுகிறதா? அதைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

ரேஸ்பையன்: சரி சார். ஆனால் 1992இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் வில்லியம்ஸ் அணியின் காரில் கணினியே சஸ்பென்ஷனைச் சமமாக வைத்திருந்ததே? மேன்செல் அதில்தானே சாம்பியன் ஆனார்.

பழையடீசல்: அதற்கு முன்பே 1987 மொனாக்கோவில் செனா லோட்டஸ் அணி காரில் ஜெயித்தது இப்படிக் கணினி இயக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷனோடுதான். 1994இல் தடையே செய்துவிட்டார்கள்.

ஸ்பிரிங்செல்வம்: கணினி எதற்கு? 1948இல் வந்த சிட்ரோயன் 2சிவி காரில் முன் பின் சக்கரங்களை ஸ்பிரிங் மூலமாகவே இணைத்திருந்தார்கள்.

அச்சாணி: அது மேடுபள்ளத்தில் முன்னும் பின்னும் தூக்கிப் போடாமல் இருக்க. பிரேக் பிடித்தால் 2சிவி நன்றாகவே குனியும். படம் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்பிரிங்செல்வம்: நான் படம் பார்த்துப் பேசுகிறேனா? 22 வருடமாக வண்டி ஓட்டுகிறேன்!

மூன்றாம்கியர்: மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். முன் ஷாக் இரண்டு மட்டும்தான் மாற்றினேன். வண்டி நின்ற பிறகும் இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது.

பழையடீசல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பின் ஷாக்கைப் பாருங்கள். பிரேக்கில் பின்பக்கம் சட்டென்று எழும்பாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். டிக்கி மூலையை அமுக்கி விட்டுப் பாருங்கள், ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஷாக் உடம்பில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியே முன் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மூன்றாம்கியர்: பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிவு. மாற்றியாச்சு. கொஞ்சம் குனியத்தான் செய்கிறது, ஆட்டம் இல்லை. பழனி போய் வந்தோம். நன்றி.

பழையடீசல்: சந்தோஷம். என்ன வண்டி என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?