குளத்து நீரை வடிகட்டி வான் வண்டியில் நிரப்ப வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பழைய வான் ஒன்றைத் தங்குவதற்கேற்ப மாற்றி, நானும் மனைவியும் வவுனிக்குளத்துப் பக்கம் இரண்டு கிழமை தங்கிவிட்டு வந்தோம். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு இருக்கிறது, தண்ணீர்தான் தலையிடி. 80 லீற்றர் தாங்கி 4 நாளில் காலி.

குளத்து நீரை 12 வோல்ட் மோட்டாரால் இழுத்து மிக நுண்ணிய துளையுள்ள 5 மைக்ரோன் பஞ்சு வடிகட்டியில் விட்டேன். மறுநாளே அடைத்துக்கொண்டது. கழற்றினால், வெள்ளையாக இருந்த பஞ்சு குயவன் கைக் களியைப்போல் வழுவழுவென்று இருந்தது. அம்மா சொன்னபடி தேற்றாங்கொட்டையை வாளியின் உட்புறத்தில் உரைத்து இரவு முழுவதும் வைத்தேன். விடியும்போது மேல்நீர் தெளிந்துவிட்டது. ஆனால் வாளி வாளியாக எத்தனை நாள் உரைப்பது?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். வயலிலிருந்து வடிந்துவரும் பூச்சிமருந்து போகாதே! அதற்குக் கரி வடிகட்டி போதுமா? எத்தனை லீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? பச்சைப் பாசி படரும் காலத்தில் என்ன செய்கிறீர்கள்? வடிகட்டிக்கு முன்னால் மணல் வாளியோ கழுவக்கூடிய வலையோ வைத்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள். கிணற்றுக்குப் போகச் சொல்லாதீர்கள். அயலில் கிணறு இல்லை, பொழுதுபட்டால் யானை வரும் பாதை வேறு. வருகிற வெள்ளி மறுபடி புறப்படுகிறோம்.