‘நீங்களும் போகப் போறீங்களோ, டொக்டர்?’

வடக்கிலிருந்து, மயக்க மருந்துப் பிரிவு

இந்தக் கேள்வியை இப்போது நோயாளர்களே கேட்கிறார்கள். சம்பளம் போதாமல்தான் இலங்கையை விட்டு இளம் டொக்டர்மார் வெளிநாடு போகிறார்கள் என்று வெளியில் ஒரு கதை. நான் பார்த்தவரை அது இரண்டாவது காரணம்.

2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது செய்தியாக வந்தது. எங்கள் பக்கம் செய்தியாக வரவில்லை, அவ்வளவுதான். நியோஸ்டிக்மின் என்று ஒரு ஊசி மருந்து. மயக்கத்தில் தளர்த்தி வைத்த தசைகள் திரும்ப இயங்க அதைப் போடுவோம். விலை கூடிய சாமானே இல்லை. காலையில் தியேட்டருக்குள் போனதும் எத்தனை குப்பி மிச்சம் என்று பார்ப்போம். அன்றைய பட்டியல் அதைப் பொறுத்தது. ஹேர்னியா ஒப்பரேஷனுக்காகக் காத்திருந்த ஐயா ஒருவரிடம், “மருந்து வந்ததும் கோல் எடுக்கிறம்” என்றேன். “மருந்து வரும் தம்பி, அப்ப நீங்க நிப்பீங்களோ?” என்றார்.

பட்டியல் சுருங்கினால் நோயாளருக்கு மட்டும் நட்டமில்லை. பயிற்சியில் இருப்பவனுக்குக் கை பழகாது. செய்த வேலைகளைப் பதியும் லொக்புக்கில் காட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, எங்களை வெளியே அனுப்புவதே எங்கள் முறைமைதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில், பீஜிஐஎம் என்போமே, அங்கே எம்டி என்ற மேற்பட்டம் முடித்த பிறகு பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தால்தான் நிபுணர் என்ற சான்றிதழ். திரும்பி வருவேன் என்று பிணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு மூத்த அக்கா ஒருவர் இங்கிலாந்தில் நின்றுவிட்டார். திரும்பாவிட்டால் அவர் கட்ட வேண்டிய பிணைப்பணம் ரூபாயில், சம்பளம் பவுண்டில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப்படி இருந்த டொலர் மே மாதம் 360-ஐத் தொட்டதல்லவா, பவுண்டும் அப்படித்தான் ஏறியது. அவரைப் பிடித்து வைத்திருந்த கயிறு அதோடு நூலாகிவிட்டது. ஆனால் அவர் போனில் சொன்னது காசைப் பற்றியே இல்லை: “டியூட்டி போடுற ரோட்டாவில படிக்கிறதுக்கெண்டே நேரம் போட்டிருக்கினம். தெரியாதெண்டு சொன்னா ஏச்சு விழாது, பக்கத்தில நிண்டு காட்டித் தருவினம்.”

மட்டக்களப்பிலிருந்து

அண்ணா, சம்பளத்தை நீங்கள் லேசாகத் தள்ளிவிட்டீர்கள். 2023 ஜனவரியில் வருமான வரி கூடி மேல்படி 36 வீதத்துக்கு ஏறியது. டிஏடி என்று சம்பளத்தோடு டொக்டர்மாருக்குத் தரும் மேலதிகக் கொடுப்பனவோ 2024 ஜனவரி வரை அதே 35,000 ரூபாய்தான், அப்போதுதான் 70,000 ஆக்கினார்கள். அந்த இடைவெளிக்குள் என் பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஆஸ்திரேலியாவுக்கான ஏஎம்சி, இங்கிலாந்துக்கான பிளாப் என்ற பரீட்சைகளைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அப்புறம், இடமாற்றம். நானும் டொக்டர், வீட்டுக்காரரும் டொக்டர். அவருக்கு மன்னார், எனக்கு அம்பாறை. பிள்ளை என் அம்மாவிடம். நான் இப்போது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போய்த் திரும்பி வந்தவன்

நான் இங்கிலாந்து போனது எம்டிஐ என்ற, வெளிநாட்டு டொக்டர்மாருக்கான தற்காலிகப் பயிற்சித் திட்டத்தில். 24 மாதத்துக்கு மேல் நிற்க முடியாது, அதனால் திரும்பினேன் என்று சொல்வது பாதிதான் உண்மை. அங்கேயே வேறு விசாவுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். நான் அப்பாவுக்காக வந்தேன்.

வந்ததும் ஒரு ஆதார வைத்தியசாலையில் போட்டார்கள். அங்கே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மெஷின் இருந்தது, ஸ்கோப் என்ற அந்தக் குழாய் பழுது. திருத்தக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, ஸ்கோப் வரவில்லை. இரத்த வாந்தியோடு வருகிறவரை, இரண்டு வருடம் நான் இங்கிலாந்தில் கையால் செய்து பழகிய வேலைக்காகவே, அம்புலன்ஸில் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றி விடுகிறேன். என்னிடம் வேலை பழக வந்த தம்பி ஒருவன் ஆஸ்திரேலியாவுக்குப் பரீட்சை கட்டிவிட்டான். நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் தங்கச்சி, ஒன்று. இங்கிலாந்து முந்தியைப் போல இல்லை. பிளாப் இரண்டு பகுதியும் பாஸ் பண்ணிவிட்டு, வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து மன்செஸ்டரில் அறை வாடகை கட்டிக்கொண்டிருக்கிற நம்மவர்களை நேரில் பார்த்தேன். பயிற்சி இடங்களில் தங்கள் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வந்த அவர்களுடைய அரசின் 10 ஆண்டுச் சுகாதாரத் திட்டத்திலேயே இருக்கிறது. பொது மருத்துவம்தான் உங்கள் விருப்பத் துறை என்றால், எம்ஆர்சிபி என்ற அவர்களுடைய மேற்படிப்புப் பரீட்சையின் முதல் பகுதியை இங்கே வேலை செய்துகொண்டே எழுதலாம். மூன்று பகுதியும் முடித்தால், அங்கே டொக்டராக வேலை செய்யத் தேவையான ஜிஎம்சி பதிவுக்குப் பிளாப் தேவையில்லை. ஐஈஎல்டிஎஸ் மொத்தம் 7.5, நான்கு பகுதி ஒவ்வொன்றிலும் 7-க்குக் குறையக்கூடாது. எழுத்தில்தான் நம்மவர்கள் அரைப் புள்ளியில் விழுவது, அதை முதலில் பாருங்கள்.