பெரிய வீட்டுக் குழு: கவிதாவின் ஈறு ஆபரேஷன்

கவிதா: எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். கீழ் முன்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? வியாழக்கிழமை ஆபரேஷன். மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுவார்களாம். பாலா கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை, அதற்குள் பார்க்க நன்றாக ஆகிவிடுமா? யாராவது செய்துகொண்டிருக்கிறீர்களா?

சேகர் மாமா: வேண்டாம்.

சேகர் மாமா: நான் செய்துகொண்டவன். முன்பு இருந்ததைவிடப் பல் நீளமாகிவிட்டது. இடையிடையே சந்து. சிரித்தால் கறுப்பாகத் தெரிகிறது.

வசந்தி பெரியம்மா: அதனால்தான் எந்தப் படத்திலும் வாயைத் திறக்காமல் நிற்கிறாயா சேகர்? வீடு விற்ற கோபம் என்றல்லவா நினைத்தேன்.

சேகர் மாமா: அதுவும் உண்டு.

அம்மா: இப்போது அந்தப் பேச்சு எதற்கு.

நித்யா: மாமா, உங்களுக்குச் செய்தது வேறு, அக்காவுக்குச் செய்யப்போவது வேறு. உங்களுக்கு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமாகப் பை விழுந்து, கிருமி சேர்ந்து எலும்பு கரைந்திருந்தது. அதனால் ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து மூடினார்கள், ஃபிளாப் சர்ஜரி. வீக்கம் வடிந்ததும் ஈறு மிச்சமுள்ள எலும்பை ஒட்டிக் கீழே போய் உட்காரும், அப்போது பல் நீளமாகத்தான் தெரியும். அது பல்லைக் காப்பாற்றச் செய்வது. அக்காவுக்கு நேர் எதிர், வெளியே தெரிகிற வேரை மூடச் செய்வது.

சேகர் மாமா: பல் நீளமாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நித்யா: கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் மாமா. அந்தப் பற்கள் இப்போது ஆடுகின்றனவா?

சேகர் மாமா: இல்லை. உறுதியாகத்தான் இருக்கின்றன.

குமார் சித்தப்பா: கல்யாணத்துக்கு வேன் ஒன்றா இரண்டா? யாரும் பதில் சொல்லவில்லை.

பாலா: சித்தப்பா, அப்புறம்.

கவிதா: சரி, என் விஷயம்?

நித்யா: அக்கா, பல்லுக்குப் பல் நடுவே உள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருந்து, முன்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் வேர் முழுதாக மூட நல்ல வாய்ப்பு உண்டு. நடுவிலும் குறைந்திருந்தால் ஓரளவுதான் மூடும், ரொம்பக் குறைந்திருந்தால் அதுவும் கஷ்டம். ஈறு இறங்குவதை 1985இல் மில்லர் என்பவர் நான்கு வகையாகப் பிரித்ததும், 2011இல் கைரோ என்பவர் ஆர்டி1, ஆர்டி2, ஆர்டி3 என்று பிரித்ததும் இதைக் கணிக்கத்தான். உன் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது?

கவிதா: ஆர்டி1

நித்யா: அப்பாடா. நல்லது. பல்லுக்கு நடுவே எதுவும் குறையவில்லை என்று அர்த்தம்.

வசந்தி பெரியம்மா: சின்ன வயதிலிருந்தே சொன்னேன், பாத்திரம் விளக்குவதுபோல் பல்லைத் தேய்க்காதே என்று.

அம்மா: தேய்த்ததால் மட்டுமா? கிளிப் போட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கு நின்றது யார்?

சேகர் மாமா: இதற்கும் நான்தானா.

நித்யா: இரண்டும் காரணமாக இருக்கலாம் பெரியம்மா. அழுத்தித் தேய்த்தாலும் இறங்கும், கிளிப் போடும்போது பல் வெளிப்பக்கம் நகர்ந்து அங்கே எலும்பு மெலிந்தாலும் இறங்கும். ஈறு பிறவியிலேயே மெல்லியதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். யார் மீதும் பழி போட வேண்டாம்.

நித்யா: அக்கா, எந்த கிராஃப்ட், அதாவது எந்த வகைச் சதையை எடுத்து ஒட்டுவார்கள் என்று டாக்டரிடம் கட்டாயம் கேள். பார்வைக்கு எப்படி வரும் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அண்ணத்தின் மேல்தோலோடு சேர்த்து எடுத்து ஒட்டினால் ஈறு தடித்து உறுதியாகும், ஆனால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஒட்டுப் போட்டது தெரியும், வருடங்கள் போனாலும் அது அப்படியேதான் இருக்கும். தோலுக்கு அடியில் உள்ள சதையை மட்டும் எடுத்து, உன் ஈறுக்கு அடியில் செருகி, ஈறை மேலே இழுத்துத் தைத்தால் வெளியே தெரிவது உன் ஈறுதான், நிறம் பொருந்திவிடும். கீழ் முன்பல்லில் உறுதிக்காக முதல் முறையைச் சிலர் எடுப்பார்கள், அது தப்பில்லை. சிரிக்கும்போது கீழ் உதடு பெரும்பாலும் அந்த இடத்தை மறைத்துவிடும். ஆனால் தெரிந்தே ஒத்துக்கொள்.

கவிதா: கேட்கவே இல்லையே இதை.

அம்மா: எவ்வளவு நாள் வீங்கியிருக்கும்?

நித்யா: வீக்கம் முதல் வாரம்தான் சித்தி. ஆனால் அந்த வாரம் ஒட்டிய இடம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரியலாம், பார்த்துப் பயந்து விரலால் தொடக்கூடாது, உதட்டை இழுத்துப் பார்க்கவும் கூடாது. அங்கே பிரஷ் போட விடமாட்டார்கள், குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கச் சொல்வார்கள், அதில் பல்லில் பழுப்புக் கறை படியும், பிறகு க்ளீனிங்கில் போய்விடும். கல்யாணத்தன்று தையல் இருக்காது, வலியும் இருக்காது, ஆனால் கொஞ்சம் சிவப்பாக, தடிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. முழு உருவம் வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். அதற்குள் ஈறு தானாகவே கொஞ்சம் மேலே ஏறுவதும் உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு மட்டும் இவ்வளவு நன்றாக மூடாது.

வசந்தி பெரியம்மா: பாலா, கடைசி வரியைப் படித்தாயா?

பாலா: அம்மா, எனக்கு ஆபரேஷனே இல்லை.

வசந்தி பெரியம்மா: இல்லாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

அம்மா: அப்படியென்றால் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்ளலாமே.

நித்யா: என் மனதிலும் அதுதான். ஈறு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால் தவிர அவசரம் இல்லை. அதுவரை மெதுவான பிரஷ்ஷால் தேய்க்கட்டும்.

கவிதா: கூச்சம் தாங்கவில்லை நித்யா. தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது. நாளைக்கு டாக்டரிடம் பேசுகிறேன். வியாழக்கிழமையை இன்னும் ரத்து செய்யவில்லை.

அம்மா: ரத்து செய்.

கவிதா: பேசிவிட்டுச் சொல்கிறேன் அம்மா.

குமார் சித்தப்பா: இரண்டு வேன் சொல்லிவிட்டேன்.

சேகர் மாமா: நித்யா, என் சந்துக்கு ஏதாவது வழி உண்டா?

நித்யா: நடுவில் போன ஈறை நம்பகமாக வளர்த்துத் தர முடியாது மாமா, பொய் சொல்ல மாட்டேன். பல்லின் ஓரத்தில் கலர் ஒத்த காம்போசிட், அதாவது பல் அடைக்கிற பொருள் வைத்து இடைவெளியைக் குறுக்கலாம். உங்கள் ஈறு இப்போது ஆரோக்கியமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்பற்களின் எக்ஸ்ரேயை அனுப்புங்கள்.

சேகர் மாமா: தனியாக அனுப்புகிறேன். இங்கே போட்டால் உன் பெரியம்மா விடமாட்டாள்.