கல்தாஜிரோனேயின் கைவண்ணத் தட்டுகள்: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

இத்தாலியின் சிசிலித் தீவில் கல்தாஜிரோனே ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 142 படிகள் கொண்ட சாந்தா மரியா தெல் மோந்தே படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படிக்கட்டு 1606-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; ஆனால் படிகளின் முகப்பை அலங்கரிக்கும் வண்ண ஓடுகள் 1954-இல்தான் பதிக்கப்பட்டன. அதை ஒட்டிய பட்டறை ஒன்றில் உட்கார்ந்து, தட்டில் வண்ணம் தீட்டுவதைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது.

ஒருமுறை சூளையில் சுட்டெடுத்த தட்டை வெள்ளீயம் கலந்த வெண்குழம்பில் முக்கி எடுத்தார்கள். மண் நீரை உறிஞ்சிக்கொள்ள, விரல் பட்டால் உதிரும் மாவைப் போன்ற வெள்ளைப் படலம் மேலே நின்றது. தூரிகை பட்டவுடன் அந்தப் படலம் வண்ணத்தைக் குடித்துவிடுவதால், தீட்டிய கோட்டை அழித்துத் திருத்துவது எளிதன்று. ஓவியர் சுழல்மேடையில் தட்டை ஒரு கையால் சுற்றிவிட்டு, தூரிகையை அசையாமல் பிடித்தே விளிம்பு வளையத்தை ஒரே மூச்சில் முடித்தார். அப்போது கருஞ்சாம்பலாகத் தெரிந்த கோபால்ட் என்ற உலோக வண்ணம், 900 பாகை செல்சியஸைத் தாண்டும் இரண்டாம் சூட்டில் ஆழ்ந்த நீலமாகிறது. பச்சையைத் தருவது செம்பு. மெருகிட்ட, அதாவது கண்ணாடி போன்ற பூச்சிட்ட, மண்பாண்டக் கலை அரபு ஆட்சிக் காலத்தில் இத்தீவில் வேரூன்றியது. 1693-ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஊரைச் சிதைத்த பிறகும் அது அற்றுப்போகவில்லை.

இரண்டாம் பகிர்வு

மேலே சொன்ன அந்தத் திருத்தமுடியாமையைத்தான் நான் கடைகளில் தேடுவேன். கையால் தீட்டிய இலையில் தூரிகை ஊன்றிய இடம் அடர்ந்தும் இழுத்து விட்ட முனை வெளிறியும் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு இலைகள் அச்சாக ஒத்துப்போகா. அச்சடித்த படத்தாளை ஒட்டிச் செய்த தட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் பெரும்பாலும் நுண்புள்ளிகள் தெரியும். விலை பேசுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கடையில் நான் எடுத்த மஞ்சள் பூத்தட்டை, கடைக்கார அம்மையார் சுவரில் மாட்டத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். சில மெருகுகளிலும் வண்ணங்களிலும் காரீயம் என்னும் நச்சு உலோகம் இருக்கக்கூடும். எலுமிச்சை, புளி போன்ற புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும் என்பதே காரணம். 1984-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறைப்படி, குழிந்த கலங்களை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்துச் சோதிப்பார்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இறங்கக் கூடாது. எனவே அடிப்பக்கத்தில் உணவுக்கு ஏற்றது என்பதைக் காட்டும், கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரசமும் வத்தக்குழம்பும் ஊற்றும் நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

மூன்றாம் பகிர்வு

உணவுக்கென்றே வாங்கிய எங்கள் கிண்ணங்களில் ஒன்றின் விளிம்பு பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சில்லு பெயர்ந்து, உள்ளிருந்த மண் வெளியே தெரிந்தது. அந்த மண் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் என்பதால் அதில் இப்போது சாவிகளைப் போட்டு வைக்கிறோம். மற்றவற்றை மென்மையான பஞ்சால் கையாலேயே கழுவுகிறோம்.